லிட்டில் இந்தியா மாடியறையில் எட்டு சனிக்கிழமைகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கவுண்டரை, அதாவது எந்த நிறுவனத்தின் பங்கை, வாங்கினால் காசு பார்க்கலாம் என்று கேட்க, பங்குச் சந்தை ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தமிழில் விளக்கும் இந்த வகுப்புக்குப் போகாதீர்கள். அப்படி எதிர்பார்த்து வந்த இரண்டு பேர் இரண்டாம் வாரமே காணாமல் போனார்கள். கட்டிய 600 வெள்ளியும் (மலேசிய ரிங்கிட்) திரும்பி வராது. ரசீதின் பின்பக்கத்தில் அதைப் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். நான் அதைப் படித்தது மூன்றாம் வாரத்தில்தான், கணக்குப் பிரிவில் இருபத்து நான்கு வருடம் வேலை செய்தவள் என்பதை இங்கே கொஞ்சம் வெட்கத்தோடு சேர்த்துக்கொள்கிறேன்.

வகுப்பின் பெயரை எழுதவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், நடத்துபவர் நல்ல மனிதர். கீழே பாத்திரக்கடை, நடுவில் தையல் வகுப்பு, அதற்கு மேல் மாடி என்று சொன்னாலே பினாங்கு லிட்டில் இந்தியாவில் வேலையுள்ளவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சனிக்கிழமை காலை 9.30 முதல் 12.30 வரை, எட்டு வாரம். சொல்லிக்கொடுப்பவர் ஓய்வு பெற்ற கல்லூரி விரிவுரையாளர், எழுபதைத் தொடும் வயது. பங்கு விலையைப் பற்றியும், நிறுவனங்கள் பண விஷயத்தில் எடுக்கும் முடிவுகளைப் பற்றியும் பல்கலைக்கழக ஆட்கள் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளை எடுத்துவைத்து, வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ தமிழில் விளக்குவார். அவ்வளவுதான் வகுப்பு. விலை வரைபடம் கிடையாது, டிப்ஸ் கிடையாது. "நாளைக்கு எது ஏறும்னு கேக்காதீங்க, தெரிஞ்சா நான் ஏன் இந்த மாடிப்படி ஏறி வரேன்" என்று முதல் நாளே சொன்னார்.

நான் பட்டர்வொர்த். காரை எடுத்துக்கொண்டு பாலம் ஏறி வந்து சனிக்கிழமை காலையில் ஜார்ஜ்டவுனில் பார்க்கிங் தேடுவதைவிட ஃபெர்ரியில் வந்து நடப்பதே மேல். போன காரணம் வேறு ஒன்றும் இல்லை, அப்பாவின் பிஸ்கட் டின். அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர், இப்போது 81 வயது. அந்தக் காலத்தில் யாரோ சொன்னார்கள் என்று ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்கிவைத்தார். அதற்குப் பின் வந்த கடிதங்களையெல்லாம் ஒரு தகர டின்னில் போட்டு மூடிவிட்டார். பாதிக்கு மேல் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. போன வருடம் வீட்டைச் சுத்தம் செய்தபோது டின் என் கைக்கு வந்தது. சரக்குக் கப்பல் பில்லும் சுங்கக் கட்டணமும் எனக்கு அத்துப்படி. ரைட்ஸ் இஷ்யூ (ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களிடமே புதுப் பங்கு வாங்கச் சொல்லிக் கேட்பது) கடிதம் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு மூன்று இரவு உட்கார்ந்தும் பாதிதான் புரிந்தது.

வகுப்பில் கடைசிவரை இருந்தது பதினொரு பேர். நாற்பது வருடம் ரெமிசியராக (கமிஷனுக்கு வேலை செய்யும் பங்குத் தரகராக) இருந்த ஒரு அங்கிள். கிரிப்டோவில் கையைச் சுட்டுக்கொண்ட ஒரு தம்பி. தமிழ்ப்பள்ளி ஆசிரியைகள் இரண்டு பேர், எப்போதும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அப்புறம் ஒரு ஆச்சி. அவருடைய வீட்டுக்காரரின் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் பினாங்கு ஸ்திரீட் கிட்டங்கியில் (செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கூடத்தில்) பெட்டி இருந்ததாம். ஆங்கிலக் கட்டுரையில் ஒரு வரி படிக்க மாட்டார், ஆனால் சார் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் விஷயத்தின் அடிமடியில் கை வைத்துவிடுவார்.

முதல் வாரம் பங்குப் பிரிப்பும் (ஒரு பங்கைப் பல சிறு பங்குகளாக்குவது) போனஸ் இஷ்யூவும் (காசு வாங்காமல் கூடுதல் பங்கு கொடுப்பது). நம்மூரில் போனஸ் என்ற சொல்லுக்கு இருக்கிற மயக்கம் உங்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரரின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நிறுவனம் போனஸ் அறிவித்தால் தீபாவளி மாதிரி பட்டாசுப் படங்கள் வரும். சார் எடுத்த கட்டுரை 1969இல் வந்தது. ஃபாமா, ஃபிஷர், ஜென்சன், ரோல் என்று நான்கு பேர் எழுதியது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் நியூயார்க் சந்தையின் மாதாந்திர விலைகளை 1926 முதல் தொகுத்து கணினி நாடாவில் ஏற்றியிருந்தார்கள். அதைப் பயன்படுத்தி, 1927 முதல் 1959 வரை நடந்த 940 பங்குப் பிரிப்புகளை இவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார்கள். ஏற்றமெல்லாம் பிரிப்புக்கு முந்தைய மாதங்களில் நடந்து முடிந்திருந்தது. பிரித்த பிறகு, சராசரியில், கோடு படுத்துவிடுகிறது.

இதில் எனக்குப் பிடித்தது அடுத்த படி. அந்த நிறுவனங்களை அவர்கள் இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள்: பிறகு டிவிடென்டை (பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்கும் லாபப் பணத்தை) உயர்த்தியவை, உயர்த்தாதவை. உயர்த்தியவை கிடைத்த ஏற்றத்தைத் தக்கவைத்துக்கொண்டன. மற்றவை இறங்கின. அதாவது, சந்தை கொண்டாடியது பத்து வெள்ளி நோட்டு இரண்டு ஐந்து வெள்ளி நோட்டாக மாறியதை அல்ல, "இவர்கள் கையில் காசு வரப்போகிறது போலிருக்கிறது" என்ற ஊகத்தை. அன்று மாலை ஃபெர்ரியிலேயே இதை வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. குழுவுக்கு அவர் அதைப் பகிரவில்லை.

இரண்டாவது வாரம் ஐபிஓ, ஒரு நிறுவனம் முதல்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்பது. ஜே ரிட்டர் 1991இல் வெளியிட்ட கட்டுரை. அமெரிக்காவில் 1975 முதல் 1984 வரை சந்தைக்கு வந்த 1,526 நிறுவனங்கள். முதல் நாள் முடிவு விலைக்கு வாங்கி மூன்று வருடம் வைத்திருந்தால் சராசரியாக 34.47 விழுக்காடு லாபம். மோசமில்லையே என்று தோன்றும். அதே தொழிலில், அதே அளவில் ஏற்கெனவே சந்தையில் இருந்த நிறுவனங்களை வாங்கியிருந்தால் 61.86 விழுக்காடு. தம்பி உடனே, "அப்ப பாலட் குலுக்கல்ல கிடைச்சதும் முதல் நாளே வித்துட்டா?" என்றார். அதற்கும் ஒரு கட்டுரை தயாராக இருந்தது. கெவின் ராக், 1986. நல்ல சரக்கு என்றால் விவரம் தெரிந்தவர்கள் அள்ளிக்கொள்வார்கள், உங்களுக்குப் பாலட்டில் ஒன்றும் விழாது. அவர்கள் தொடாத சரக்கு என்றால் கேட்டதெல்லாம் உங்கள் தலையில் கட்டப்படும். ஆச்சி தலையை ஆட்டிக்கொண்டே சொன்னார்: "கிடைக்காதது நல்லது, கிடைச்சது நொள்ளை. மாப்பிள்ளை பாக்குற கதைதான்."

மூன்றாவது வாரத்துக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். தலைப்பு: நிறுவனங்கள் ஏன், எப்போது, யாரிடம் பணம் கேட்கின்றன.

மையர்ஸ், மஜ்லூஃப் என்ற இருவர் 1984இல் சொன்ன வாதம் இது. உள்ளே இருப்பவருக்கு நிறுவனத்தின் உண்மை மதிப்பு வெளியே இருப்பவரைவிட நன்றாகத் தெரியும். தன் பங்கு மலிவாகக் கிடக்கிறது என்று நினைக்கும் முதலாளி புதுப் பங்கை வெளியாருக்கு விற்க மாட்டார். கையிருப்பைப் பயன்படுத்துவார், இல்லாவிட்டால் கடன் வாங்குவார். எனவே ஒருவர் புதுப் பங்கு விற்க வருகிறார் என்றாலே, விலை கூடுதலாக இருக்கிறதோ என்ற சந்தேகம் வர வேண்டும். அறிவிப்பு வந்த அன்றே விலை இறங்குவது இதனால்தான். இதைத் தொடர்ந்து லஃப்ரன், ரிட்டர் இருவரும் 1995இல் எண்ணிக்கையோடு வந்தார்கள். 1970 முதல் 1990 வரை புதுப் பங்கு விற்ற அமெரிக்க நிறுவனங்களை அடுத்த ஐந்து வருடம் தொடர்ந்தால், ஐபிஓக்காரர்கள் வருடத்துக்குச் சராசரி 5 விழுக்காடு, ஏற்கெனவே சந்தையில் இருந்துகொண்டு மறுபடி பங்கு விற்றவர்கள் 7 விழுக்காடு. பங்கு விற்காத, அதே அளவு நிறுவனங்களில் போட்ட பணத்துக்குச் சமமாக ஐந்தாம் வருடம் நிற்க வேண்டுமென்றால், இவற்றில் 44 விழுக்காடு அதிகமாகப் போட்டிருக்க வேண்டும்.

நான் பையிலிருந்து அப்பாவின் கடிதத்தை எடுத்தேன். 2004ஆம் ஆண்டு வந்தது. இரண்டு பங்குக்கு ஒரு புதுப் பங்கு, விலை 60 சென். கூடவே வந்த புத்தகத்தில் சந்தை விலை ஒரு வெள்ளி 20 சென் என்று இருந்தது. அப்பாவிடம் 4,000 பங்கு.

சார் வெள்ளைப் பலகையில் போட்டுக் காட்டினார். பழைய பங்கு இரண்டு, 2.40. புதுப் பங்கு ஒன்று, 0.60. மூன்றும் சேர்ந்து 3.00. ஆகப் பங்கு ஒன்று 1.00. ரைட்ஸ் கழிந்ததும் விலை 1.20இலிருந்து ஒரு வெள்ளிக்கு வந்து நிற்கும். யாரும் ஏமாற்றவில்லை, வெறும் கூட்டலும் வகுத்தலும்தான். ஆனால் 60 சென்னுக்கு ஒரு வெள்ளிப் பொருளை வாங்கும் அந்த உரிமைக்கே 40 சென் மதிப்பு. அப்பாவுக்கு வந்தது 2,000 உரிமைகள். 800 வெள்ளி.

"வாங்கக் காசு இல்லாட்டி உரிமையையாவது சந்தையில வித்திருக்கலாம்மா. சில நாள் அது தனியா விலை போகும்" என்றார் சார். அப்பா வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. உறையையே பிரிக்கவில்லை. அவர் விட்டதை, கூடுதலாக விண்ணப்பித்த வேறு யாரோ எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவிடம் இதை மெதுவாகச் சொன்னேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"காசு கேக்குற கடுதாசிம்மா அது. காசு கேட்டு வந்தா எவன் தொறந்து பாப்பான்?"

அடுத்த வாரம் இதை வகுப்பில் சொன்னதும் சார் ஐந்து நிமிடம் சிரித்தார். "உங்கப்பா பாதி லஃப்ரன், பாதி ரிட்டர்" என்றார். காசு கேட்கும் நிறுவனத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்பது வரைக்கும் அப்பா சரி, அதற்காகக் கடுதாசியைப் பிரிக்காமல் விட்டதுதான் 800 வெள்ளித் தப்பு. அதன்பின் வகுப்பு முழுக்க எல்லாவற்றையும் இரண்டாகத்தான் பிரித்தோம்: காசு கேட்கிற கடுதாசி, காசு கொடுக்கிற கடுதாசி.

சிரிப்பு அடங்கியதும் அங்கிள் கையைத் தூக்கினார். "சார், நீங்க சொன்ன ரெண்டு பேரோட வாதம் வெளியாளுக்கு விக்கிறப்ப. ரைட்ஸ்ல விக்கிறதும் நாம, வாங்குறதும் நாம. எல்லாரும் எடுத்துக்கிட்டா யாரு யாரை ஏமாத்துனது?" நல்ல கேள்வி. சார் ஒத்துக்கொண்டார். அமெரிக்காவில் ரைட்ஸ் இஷ்யூ அபூர்வம், அவர்களின் எண்ணிக்கை பெரும்பாலும் பொதுமக்களுக்கு விற்ற பங்குகளைப் பற்றியது, நம்மூர் பிரைவேட் பிளேஸ்மென்டுக்குத்தான் (தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் புதுப் பங்கு விற்பது) அது நெருக்கமாகப் பொருந்தும் என்றார். அப்புறம் ஐந்தே நிமிடத்தில் அடுத்த தலைப்புக்குத் தாவிவிட்டார். இதுதான் என் முதல் பெரிய குறை. மலேசியாவில் வீட்டுக்கு வரும் கடிதங்களில் ரைட்ஸ் இஷ்யூ எவ்வளவு சாதாரணம்! அதற்கு ஒரு முழு வாரம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

நான்காவது வாரம் காசு கொடுக்கிற கடுதாசிகள். டிவிடென்ட் பற்றி நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே பேசினார். லின்ட்னர் 1956இல் 28 நிறுவனங்களின் மேலாளர்களோடு பேசிப் பார்த்து எழுதியது: லாபம் துள்ளினாலும் டிவிடென்ட் துள்ளாது, ஏனென்றால் ஒருமுறை உயர்த்தினால் பிறகு குறைக்க வேண்டிவருமோ என்ற பயம். ஐம்பது வருடம் கழித்து, 2005இல் வெளிவந்த ஆய்வில் 384 நிதி அதிகாரிகளைக் கேட்டபோதும் கிட்டத்தட்ட அதே பயம் இருந்தது. ஓய்வூதியக்காரர்கள் டிவிடென்ட் பங்குகளை ஏன் விரும்புகிறார்கள் என்ற விவாதம் அரைமணி நேரம் ஓடியது. அதில் புதிதாக ஒன்றும் வரவில்லை, வடைதான் வந்தது. இடைவேளை வடை, கோப்பி கட்டணத்தில் சேர்த்தி. கீழே தெருவில் வாங்குவது, சூடாக இருக்கும். இதில் குறையே சொல்ல முடியாது.

பை-பேக் பகுதி நன்றாக இருந்தது. நிறுவனம் தன் பங்கைத் தானே சந்தையில் வாங்குவது. ஐக்கன்பெரி, லக்கோனிஷோக், வெர்மேலன் மூவரும் 1995இல் எழுதிய கட்டுரை, 1980 முதல் 1990 வரையிலான அமெரிக்க அறிவிப்புகள். அறிவித்ததும் விலை சராசரி 3.5 விழுக்காடு ஏறுகிறது. அதோடு நிற்காமல் அடுத்த நான்கு வருடத்தில், ஒப்பிடத்தக்க நிறுவனங்களைவிட 12.1 விழுக்காடு கூடுதல். புத்தக மதிப்போடு பார்க்கையில் மலிவாகக் கிடந்த பங்குகளில் அது 45.3 விழுக்காடு. சந்தை அறிவிப்பைக் கேட்டது, ஆனால் முழுதாக நம்பவில்லை. "முதலாளி தன் கடைச் சாமானைத் தானே விலை கொடுத்து வாங்குறான்னா கவனிக்கணும்" என்றார் சார். ஆச்சி குறுக்கிட்டார்: "யாரு காசுல?" எல்லோரும் சிரித்தோம், ஆனால் அது சிரிக்கும் கேள்வி இல்லை. கையிருப்பில் வாங்குகிறாரா, கடன் எடுத்து வாங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். வீட்டுப்பாடமாக, ஆளுக்கொரு நிறுவனம் எடுத்து, மலேசியப் பங்குச் சந்தையான புர்சாவின் தளத்தில் பை-பேக் அறிவிப்புகளைத் தேடி, அறிவித்தது எவ்வளவு, உண்மையில் வாங்கியது எவ்வளவு என்று எழுதிவரச் சொன்னார். அறிவிப்பு ஒன்று, வாங்கியது ஒன்று என்பதை அப்படித்தான் நான் கண்ணால் பார்த்தேன்.

ஐந்தாவது வாரம் மழை, பாதிப் பேர் வரவில்லை, அறைக் குளிர்சாதனம் வேறு ஒழுகியது. லாபத்தைச் சீராகக் காட்டும் பழக்கம் பற்றிய பாடம். கிரஹாம், ஹார்வி, ராஜ்கோபால் மூவரும் 401 நிதி அதிகாரிகளிடம் கேட்டு 2005இல் வெளியிட்டார்கள். கணக்கு சீராகத் தெரிவதற்காக நிறுவனத்தின் உண்மையான மதிப்பில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்கத் தயார் என்று 78 விழுக்காட்டினர் ஒத்துக்கொண்டார்களாம். கணக்கெழுதுகிறவள் என்ற முறையில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஒத்துக்கொண்டார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

ஆறாவது வாரம் மலேசியா. இதற்காகவே அங்கிள் காத்திருந்தார். ஜான்சன், மிட்டன் என்ற இருவர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, ஆசிய நிதி நெருக்கடியின்போது நம் சந்தை. எந்தெந்த நிறுவனங்களுக்கு அரசியல் செல்வாக்கு இருந்தது என்று பிரித்துக்கொண்டு பார்த்தார்கள். 1997 ஜூலை முதல் 1998 ஆகஸ்ட் வரை அப்படிப்பட்ட நிறுவனங்கள் இழந்த சந்தை மதிப்பு ஏறக்குறைய 6,000 கோடி அமெரிக்க டாலர். அதில் சுமார் 9 விழுக்காடு, அந்தச் செல்வாக்கின் மதிப்பே குறைந்ததால் போனது என்பது அவர்கள் கணக்கு. பிறகு 1998 செப்டம்பர். மூலதனக் கட்டுப்பாடு வந்தது, டாலருக்கு 3.80 என்று வெள்ளி கட்டிவைக்கப்பட்டது, துணைப் பிரதமர் அன்வார் நீக்கப்பட்டார். அந்த ஒரு மாதத்தில் பிரதமர் மகாதீரோடு தொடர்புடைய நிறுவனங்கள் பெற்ற ஏற்றம் சுமார் 500 கோடி டாலர், அதில் ஏறக்குறைய 32 விழுக்காடு தொடர்பின் மதிப்பு கூடியதால் வந்தது.

அறை அமைதியானது. அந்த செப்டம்பரில் எங்களில் பலருக்கு வேலை போயிருந்தது, இல்லாவிட்டால் போகும் என்ற பயம் இருந்தது. அங்கிள் மட்டும், சிங்கப்பூரின் சிலோப் சந்தையில் மலேசியப் பங்கு வைத்திருந்தவர்களின் பங்குகள் முடங்கிப்போனதையும், தினமும் காலையில் வாடிக்கையாளர்கள் போன் போட்டு அழுததையும் சொன்னார். அப்போது ஆச்சி கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"செல்வாக்குக்கும் ஒரு விலை இருக்குன்னா, அதை ஐந்தொகையில எந்தப் பக்கம் எழுதுறது?"

சார் பதில் சொல்லவில்லை. பலகையில் பெரிதாக ஐந்தொகை என்று எழுதி, இரண்டு பக்கமும் வெறுமையாக விட்டுவிட்டு, வடை சாப்பிடப் போகலாம் என்றார்.

இடைவேளைக்குப் பிறகு கிளாசன்ஸ், ஜான்கோவ், லாங் மூவரின் 2000ஆம் ஆண்டு ஆய்வை எடுத்தார். ஒன்பது கிழக்காசிய நாடுகள், 2,980 நிறுவனங்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே ஒரு பெரும் பங்குதாரரின் பிடியில். அப்படியானால் "நிறுவனம் முடிவெடுத்தது" என்று கடிதத்தில் வந்தால் ஒரு குடும்பம் முடிவெடுத்தது என்று படிக்க வேண்டும். அமெரிக்கக் கட்டுரைகளில் வரும் மேலாளர் பிறர் காசை நிர்வகிக்கும் சம்பளக்காரர். நம்மூரில் முதலாளியும் மேலாளரும் பல நேரம் ஒரே ஆள், அல்லது அவருடைய மகன். இதை இரண்டாம் வாரமே சொல்லியிருந்தால் மற்றதெல்லாம் வேறு மாதிரி புரிந்திருக்கும். பாட வரிசை சரியில்லை என்று கருத்துப் படிவத்தில் எழுதிக்கொடுத்தேன்.

ஏழாவது வாரம் தம்பிக்கு மிகவும் கசந்த வாரம். ஏறும் பங்கைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சியாளர்கள் எத்தனையோ அடையாளங்கள் சொல்லியிருக்கிறார்கள். சின்ன நிறுவனம், மலிவான விலை, போன வருடம் ஏறியது, சொத்தை வேகமாகப் பெருக்காதது என்று பட்டியல் நீளும். மெக்லீன், பொன்டிஃப் இருவரும் இப்படி 97 அடையாளங்களை எடுத்து, கட்டுரையில் ஆய்ந்த காலத்துக்குப் பிறகு அவை எப்படி வேலை செய்தன என்று பார்த்தார்கள். 2016இல் வெளிவந்தது. ஆய்வுக் காலம் தாண்டியதும் லாபம் 26 விழுக்காடு குறைவு. கட்டுரை அச்சான பிறகு 58 விழுக்காடு குறைவு. முதல் குறைவு, பழைய தரவில் தற்செயலாகக் கிடைத்ததை உண்மை என்று எண்ணியதால் வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். மீதி, படித்தவர்கள் எல்லோரும் அதையே செய்யப் போனதால். தம்பி மடிக்கணினியில் பழைய விலைகளை வைத்து ஒரு சூத்திரம் செய்துவைத்திருந்தார், பத்து வருடத்தில் பணம் எட்டு மடங்கு. "எத்தனை சூத்திரம் போட்டுப் பாத்தீங்க?" என்று சார் கேட்டார். இருநூறுக்கு மேல் என்றார். "அதுல நல்லா வந்ததைத்தானே காட்டுறீங்க?" அத்தோடு மடிக்கணினி மூடப்பட்டது.

எட்டாவது வாரத்தைப் பற்றி எழுதக் கோபம் வருகிறது. சாருக்கு உடம்பு சரியில்லை, நியாயம்தான். ஆனால் வகுப்பை ஒரு வாரம் தள்ளிவைக்காமல், நடத்தும் அலுவலகம் இணையத்தில் வைத்தது. ஒவ்வொருவரும் தாங்கள் எடுத்த நிறுவனத்தின் ஐந்து வருட முடிவுகளைச் சொல்ல வேண்டிய நாள். நான் அப்பாவின் நிறுவனத்தையே எடுத்திருந்தேன். நான்காவது நிமிடத்தில் இணைப்பு அறுந்தது. மறுபடி வந்தபோது ஆசிரியைகளில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். பணம் திரும்பவும் இல்லை, ஈட்டு வகுப்பும் இல்லை.

மற்ற குறைகள். நகல்கள் மோசம். கட்டுரையின் அட்டவணைகளை நெடுவாக்கில் நகலெடுத்து வலது ஓரத்து எண்கள் வெட்டுப்பட்டிருந்தன. பெரும்பாலும் அங்கேதான் முக்கியமான எண் இருக்கும். தரகுக் கட்டணம், முத்திரை வரி, கிளியரிங் கட்டணம் எல்லாம் சேர்ந்து சிறிய முதலீட்டில் எவ்வளவு தின்னும் என்று யாரும் சொல்லவில்லை. ஆயிரம் வெள்ளிக்கு வாங்கி விற்பவருக்குக் குறைந்தபட்சத் தரகே, கட்டுரைக்காரர்கள் கண்டுபிடித்த லாபத்தில் ஒரு பெரும் பகுதியை விழுங்கிவிடும். இதை அங்கிள் கோப்பி நேரத்தில் ஒரு திசுத்தாளில் எழுதிக் காட்டினார். 600 வெள்ளிக்கு அந்தத் திசுத்தாளையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கிறேன்.

காசு கட்டாமல் இதையே படிக்க முடியாதா என்று கேட்பீர்கள். ஆங்கிலம் தடையில்லை என்றால் முடியும். இந்தக் கட்டுரைகளில் பலவற்றின் முன்வடிவம் எஸ்எஸ்ஆர்என் என்ற ஆய்வுக் கட்டுரைத் தளத்தில் இலவசம். கென்னத் ஃபிரெஞ்ச் டார்ட்மத் கல்லூரித் தளத்தில் வைத்திருக்கும் தரவுகளை யாரும் இறக்கி எக்செல்லில் திறக்கலாம். ரிட்டரும் தன் ஐபிஓ எண்ணிக்கைகளை ஃபுளோரிடா பல்கலைக்கழகப் பக்கத்தில் திறந்து வைத்திருக்கிறார். நம் பக்கத்திலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் வெளியிடும் கணக்கியல், நிதி ஆய்விதழ் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது, அதில் மலேசியச் சந்தை பற்றிய கட்டுரைகள் நிறைய. சார் இதைக் கடைசிவரை சொல்லவில்லை. நானாகத் தேடிக் கண்டுபிடித்தேன். பினாங்கில் நடக்கும் வகுப்பு, பினாங்கில் அச்சாகும் இதழைச் சொல்லாதது விந்தை.

ஆனால் ஆச்சியும் அங்கிளும் இறக்கிக்கொள்ளக் கிடைக்க மாட்டார்கள்.

யாருக்கு ஏற்றது என்றால்: ஏற்கெனவே கொஞ்சம் பங்கு வைத்திருப்பவர்கள், வீட்டில் பிரிக்காத உறைகள் உள்ளவர்கள், ஆண்டறிக்கையின் பின்பாதியைப் பார்த்தால் தூக்கம் வருபவர்கள். பங்கு வைத்துக்கொள்ளத் தேவையான சிடிஎஸ் கணக்கே இல்லாதவர்கள் முதலில் அதைத் திறந்து, நூறு பங்கு எதையாவது வாங்கி, ஒரு வருடம் கடிதங்களைப் பார்த்துவிட்டு வரலாம். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுக்கிறேன். எட்டாவது வாரம் ஒழுங்காக நடந்திருந்தால் நாலு.

போகிறவர்களுக்கு: மேல்சட்டை ஒன்று எடுத்துப் போங்கள், குளிர்சாதனம் ஒழுகாத நாளில் உறைய வைக்கும். சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தால் பலகை கண்ணை அடிக்கும். கழிவறை நடுமாடியில் தையல் வகுப்புக்குள், சாவியை அவர்களிடம் கேட்க வேண்டும். ரசீதின் பின்பக்கத்தைக் கட்டுவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

போன வாரம் அப்பாவுக்கு இன்னொரு உறை வந்தது. அவர் வழக்கம்போல டின்னைத் தேடினார். டின் என் அறையில் இருக்கிறது. "என்னம்மா, காசு கேக்குறானா, குடுக்குறானா?" என்றார். பிரித்துப் பார்த்தேன். மூன்று சென் டிவிடென்ட்.